வலி நின்றுவிட்டது, மீதிச் சிகிச்சைக்குப் போகத்தான் வேண்டுமா, டாக்டர்?

கடிதம் எழுதிய சகோதரிக்கு வயது 34. யோகோஹாமாவில் இருக்கிறார். கணவருக்கு அங்கே மென்பொருள் வேலை. குடும்பம் போய் இரண்டு வருடம் ஆகிறது. கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் இவருக்கு ஜப்பானிய மொழி வரும். ஒன்பது வயது மகன் அங்கேயே பள்ளிக்கூடம் போவதால் சரளமாகப் பேசுகிறான்.

வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி வந்து இரண்டு இரவு தூக்கமில்லாமல் போக, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பல் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். வயதான மருத்துவர். பத்துப் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகளுக்கு மேல் அவருக்குத் தெரியாது. வாசலில் கொடுத்த கேள்வித்தாளைப் படிக்கத் தெரியாததால் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார். செல்போன் மொழிபெயர்ப்பில் மருத்துவர் பேசியது 'நரம்பைக் கொல்லப் போகிறேன்' என்று வந்திருக்கிறது. முகத்தில் துண்டைப் போட்டு மூடினார்கள். உதட்டோரம் ஒரு கொக்கியை மாட்டியதும் 'பீப் பீப்' என்று சத்தம் கேட்டது. மின்சாரம் வைக்கிறார்களோ என்று நடுங்கிப்போயிருக்கிறார். இரண்டாம் முறை வலித்தும் ஊசி போடவில்லை. மூன்றாம் முறை மகனைத் துணைக்குக் கூட்டிப்போக, அவன் மருத்துவர் சொன்னதைக் கேட்டு, "அம்மா, பல்லோட நரம்பு செத்துப்போச்சாம்" என்று அழ ஆரம்பித்துவிட்டான். அதோடு போவதை நிறுத்தி ஏழு வாரம் ஆகிறது. வலி இல்லை. போன வாரத்திலிருந்து மட்டும், கடித்தால் அந்தப் பல் கொஞ்சம் உயர்ந்து நிற்கிற மாதிரி இருக்கிறதாம்.

"சென்னையில் என் அக்காவுக்கு ஒரே நாளில் ரூட் கெனால் முடித்தார்கள். இவர் வாராவாரம் 20 நிமிடம் பார்த்துவிட்டு அனுப்புகிறார், பணத்துக்காக இழுக்கிறாரோ? தென்காசியில் அம்மா, 'நரம்பை எடுத்தால் கண்ணுக்கு ஆகாது, பொங்கலுக்கு வரும்போது பல்லைப் பிடுங்கிவிடலாம்' என்கிறார். என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார். மருத்துவர் படம் வரைந்து கொடுத்த தாள், மாத்திரை உறை, மூன்று ரசீதுகள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மொழி தெரியாத இடத்தில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, முகம் மூடி, என்ன நடக்கிறதென்று தெரியாமல் படுத்திருப்பது சின்ன விஷயம் இல்லை. நான் வேர் சிகிச்சை மட்டுமே பார்க்கிற மருத்துவர். ஜப்பானில் இரண்டு வருடம் பயிற்சியிலும் இருந்தேன். அதனால் நீங்கள் எழுதிய பல விஷயங்கள் எனக்கு வேறு மாதிரிப் புரிகின்றன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முடிவை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம், பல்லைப் பிடுங்கவும் வேண்டாம். இந்த வாரமே போய் மீதியை முடித்துக்கொள்ளுங்கள்.

வலி நின்றது எதனால்?

இரவில் தானாகவே 'விண் விண்' என்று தெறித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சொத்தை ஆழமாகப் போய், பல்லுக்குள் இருக்கிற மென்மையான திசு வீங்கி அழுகத் தொடங்கும்போது வருகிற வலி அது. நாம் பேச்சுவழக்கில் நரம்பு என்று சொல்வது இந்தத் திசுவைத்தான். ரத்தக் குழாயும் நரம்பு இழைகளும் சேர்ந்த சிறிய சதைக்கொத்து. மருத்துவர் அதை எடுத்துவிட்டார், வலி நின்றது. பல் ஆறிவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை, வலியைச் சொல்வதற்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பல்லின் வேர்க்குழாய்கள் காலியாக இருக்கின்றன, அல்லது உள்ளே மருந்து மட்டும் இருக்கிறது. மேலே இருப்பது தற்காலிக அடைப்பு. அது சில வாரங்களுக்கு மட்டும் தாங்கும் பொருள். சாப்பிடச் சாப்பிடத் தேயும், ஓரத்தில் எச்சில் கசியும், அதோடு கிருமியும் உள்ளே போகும். ஏழு வாரம் என்பது அதற்கு ரொம்ப அதிகம். பல் உயர்ந்து நிற்பது போலத் தெரிகிறது என்றீர்களே, என்னைக் கவலைப்பட வைத்தது அந்த ஒரு வரிதான். வேர் நுனியைச் சுற்றி வீக்கம் ஆரம்பிக்கும்போது நோயாளிகள் சரியாக இதே வார்த்தையைத்தான் சொல்வார்கள்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். பல்லின் நரம்புக்கும் கண் பார்வைக்கும் தொடர்பு இல்லை. பார்வை நரம்பு முற்றிலும் வேறு. அம்மாவின் பயம் தலைமுறை தலைமுறையாக வந்த பயம், அதற்காக அவர்மேல் கோபப்பட வேண்டாம். ஆனால் அந்தப் பயத்துக்காக ஒரு நல்ல கடைவாய்ப் பல்லை இழந்துவிடாதீர்கள். கீழ்ப் பல் போனால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாயும், மேலே இருக்கிற பல் மெல்ல இறங்கும். அப்புறம் அதைச் சரிசெய்ய ஆகிற செலவும் அலைச்சலும் இன்றைய சிகிச்சையைவிடப் பல மடங்கு.

அந்தத் தாளில் இருந்தது விலை இல்லை

நீங்கள் அனுப்பிய தாளில் ஒரு கடைவாய்ப் பல், இரண்டு வேர், உள்ளே மூன்று கோடு. பக்கத்தில் 19.5, 19, 20 என்று எண்கள். "மொத்தம் 58,500 யென் கேட்கிறார் போலிருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். அவை மில்லிமீட்டர் கணக்கு. கீழ் முதல் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் மூன்று வேர்க்குழாய் இருக்கும், சிலருக்கு நான்கு. ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்து உங்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். மொழி இல்லாத இடத்தில் அந்தப் பெரியவர் பேனாவை எடுத்திருக்கிறார். எனக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் அவர்மேல் மரியாதைதான் வந்தது.

'பீப் பீப்' சத்தமும் அந்த அளவுக்காகத்தான். உதட்டில் மாட்டியது ஒரு மின்முனை. இன்னொன்று குழாய்க்குள் போகிற மெல்லிய ஊசியில் இருக்கும். ஊசி வேர் நுனியை நெருங்க நெருங்கச் சத்தம் மாறும். உடம்புக்குத் தெரியாத அளவு மின்னோட்டம், பயப்பட ஒன்றுமில்லை. இந்த முறையை 1962இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தவரே சுனாடா என்ற ஜப்பானிய ஆய்வாளர்தான். என் மேஜையிலும் ஜப்பானில் செய்த கருவிதான் இருக்கிறது.

இனி பணம். ரசீதில் முதல் நாள் 3,400 யென், அப்புறம் 890, 760. ஜப்பானில் காப்பீட்டுக்குள் வருகிற சிகிச்சைக்கு மருத்துவர் விலை வைக்க முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் அரசு புள்ளி நிர்ணயித்திருக்கிறது. ஒரு புள்ளி 10 யென், நாடு முழுக்க ஒன்றே. அதில் உங்கள் வயதில் நீங்கள் கொடுப்பது 30 சதவீதம். முதல் நாள் எக்ஸ்ரேயும் முதல் பரிசோதனைக் கட்டணமும் சேர்ந்ததால் கூடுதல். உங்கள் ரசீதுகளோடு 'மெய்சாய்ஷோ' என்ற விவரத் தாளும் இருக்கிறது, எதற்கு எத்தனை புள்ளி என்று அதில் வரிவரியாக இருக்கும். 890 யென்னுக்காக ஒருவர் உங்களை இழுத்தடிக்கிறார் என்று நான் நம்பவில்லை.

ஏன் இத்தனை தடவை வரச் சொல்கிறார் என்றால், அந்த நாட்டு வழக்கம் அப்படி. காப்பீட்டில் பார்க்கிற மருத்துவமனைகளில் ஒருவருக்கு 20, 30 நிமிடம்தான் ஒதுக்குவார்கள். கொஞ்சம் சுத்தம் செய்து, மருந்து வைத்து மூடி, அடுத்த வாரம் வரச் சொல்வார்கள். உங்கள் அக்காவுக்கு ஒரே நாளில் முடித்ததும் தவறில்லை. ஒரே அமர்வில் முடிப்பதற்கும் பல அமர்வில் முடிப்பதற்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் இதுவரை வந்த ஆய்வுகள் பொதுவாகச் சொல்கின்றன. எத்தனை அமர்வானாலும் கடைசிவரை போய் முடிக்க வேண்டும். பாதியில் நிற்பதுதான் ஆபத்து.

உடனே திருத்த வேண்டியது: அந்தக் கேள்வித்தாள்

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். சின்ன வயதில் அமோக்சிசிலின் சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்துப்போய் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள் என்று கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த மருத்துவமனைத் தாளிலோ 'அலர்ஜி இல்லை' என்று வட்டம் போட்டிருக்கிறீர்கள். நீங்கள் போட்டோ எடுத்து அனுப்பிய உறையில் இரண்டு மருந்து: ஒன்று லாக்சோபுரோஃபென் 60 மி.கி., வலிக்கு. இன்னொன்று அமோக்சிசிலின் 250 மி.கி.!

பெயர் புரியாததால் சாப்பிடாமல் விட்டேன் என்கிறீர்கள். இந்த முறை தப்பித்தீர்கள். அந்தக் கேப்சூல்களை இன்றே தூக்கிப் போடுங்கள். அடுத்த முறை உள்ளே நுழைந்ததும் வரவேற்பு மேஜையில் முதல் வேலையாக இதைச் சொல்லுங்கள்: "பெனிஷிரின் அரெருகி கா அரிமாஸ்." எனக்குப் பெனிசிலின் அலர்ஜி இருக்கிறது என்று அர்த்தம். அமோக்சிசிலினும் பெனிசிலின் வகை மருந்துதான். அலர்ஜிக்கு அவர்கள் சொல்வதும் அதே சொல்தான், உச்சரிப்பு மட்டும் வேறு. தாளில் எழுதியும் கொடுங்கள். மருந்துக் கடையில் 'ஒகுசுரி தெச்சோ' என்று ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கொடுப்பார்கள். அதன் முன்பக்கத்திலேயே அலர்ஜியை எழுதச் சொல்லி, எந்த மருத்துவரிடம் போனாலும் நீட்டுங்கள்.

கேள்வித்தாளைப் புரிந்து நிரப்பவும் வழி இருக்கிறது. நீங்கள் இருக்கிற கனகாவா மாகாணத்தின் சர்வதேச அறக்கட்டளை, ஆங்கிலம் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் மருத்துவக் கேள்வித்தாள்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பல் மருத்துவத்துக்கென்று தனித் தாள் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்திலேயே ஜப்பானிய மொழியும் இருப்பதால், நீங்கள் உங்களுக்குத் தெரிந்த மொழியில் பார்த்துக் குறித்தால் அவர் தன் மொழியில் படித்துக்கொள்வார். வீட்டிலேயே நிதானமாக நிரப்பி எடுத்துப் போங்கள்.

தலையாட்டலும் 'தைஜோபு'வும்

"அவர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன், ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்டு எரிச்சல்பட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் தலையை இடவலமாக மெல்ல ஆட்டினால் 'சரி' என்று அர்த்தம். அங்கே அது தயக்கமாகவோ மறுப்பாகவோதான் தெரியும். புரியவில்லை போலிருக்கிறது என்று மறுபடி விளக்கியிருப்பார். சம்மதம் என்றால் தலையை மேலும் கீழுமாக மட்டும் அசையுங்கள்.

ஊசி விஷயமும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. எல்லாவற்றுக்கும் 'தைஜோபு' என்று சொன்னேன் என்கிறீர்கள். நம் 'பரவாயில்லை' மாதிரியான சொல் அது. காபி வேண்டுமா என்று கேட்டால் "பரவாயில்லைங்க" என்போமே, வேண்டாம் என்றுதானே அர்த்தம்? மரத்துப்போக இன்னொரு ஊசி வேண்டுமா என்று அவர் கேட்டு, நீங்கள் 'தைஜோபு' என்றிருந்தால், வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டிருப்பார். இனி வலித்தால் "இதாய்" என்று சொல்லுங்கள். வாயில் கருவி இருந்தால் இடது கையைத் தூக்குங்கள். வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்வது அந்த நாட்டுப் பல் மருத்துவர்கள் எல்லோருக்கும் வழக்கம். பார்த்த உடனே நிறுத்துவார்.

வலியைச் சொல்ல நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழில் இரட்டைக்கிளவி இருப்பது போலவே ஜப்பானியர்களும் வலியை ஒலியால்தான் சொல்வார்கள். 'விண் விண்' என்று தெறித்தால் "ஜுகிஜுகி." குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது என்பதற்கு "ஷிமிரு." கடித்தால் வலிக்கிறது என்பதற்கு "கமு தோ இதாய்", இப்போது உங்களுக்கு வேண்டியது இதுதான். மருத்துவருக்கு இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு நிலைமை. 'வலி' என்று பொதுவாகச் சொல்வதைவிட இது அவருக்கு நிறையத் தகவல் தரும். சொத்தைப் பல்லை நாம் பூச்சிப் பல் என்கிறோமே, அவர்களும் 'முஷிபா' என்றுதான் சொல்கிறார்கள். முஷி என்றால் பூச்சி.

செல்போன் மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துங்கள், ஆனால் நாற்காலியில் படுத்துக்கொண்டு குரலில் வேண்டாம். கேட்க வேண்டியதை வீட்டிலேயே சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதி மொழிபெயருங்கள். வந்ததை மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். அர்த்தம் மாறியிருந்தால் வாக்கியத்தை இன்னும் எளிமையாக்குங்கள். "அத்தோ நன்காய் தெஸ் கா" என்றால் இன்னும் எத்தனை தடவை வரவேண்டும் என்று அர்த்தம். "காமி நி கைத்தே குதசாய்" என்றால் தாளில் எழுதித் தாருங்கள். எழுதி வாங்கிக்கொண்டால் வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்க்கலாம். தொலைபேசியில் உதவுகிற அம்டா சர்வதேச மருத்துவத் தகவல் மையத்தையும் கேட்டுப் பாருங்கள், ஆங்கிலத்தில் பேசலாம்.

முகத்துத் துண்டு, கண்ணில் விளக்கும் தண்ணீரும் படாமல் இருப்பதற்காகப் போடுவது. பயமாக இருந்தால் கையால் விலக்கிக் காட்டுங்கள், எடுத்துவிடுவார்கள்.

புரியாமல் சம்மதிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு எந்த இடத்திலும் இல்லை. விளக்கிச் சொல்லி நோயாளிக்குப் புரியவைக்க மருத்துவர் முயல வேண்டும் என்று 1997லேயே அந்த நாட்டு மருத்துவச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். "கொஞ்சம் பொறுங்கள்" என்று நிறுத்திக் கேட்பதை அங்கே யாரும் மரியாதைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

மகனை மட்டும் இனி கூட்டிப்போகாதீர்கள். 'ஷின்கெய் கா ஷிந்தே இரு', நரம்பு செத்துவிட்டது, என்பது எங்கள் தொழிலில் தினமும் சொல்கிற வாக்கியம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது அம்மாவைப் பற்றிய செய்தி. அவனுக்குப் பேசத்தான் தெரியும். அந்தச் செய்தியைச் சுமக்கிற வயது இல்லை. அவனை மடியில் உட்கார வைத்து, "பல்லுக்குள்ள ஒரு சின்ன நூல் மாதிரி இருந்தது, அதுதான் போச்சு, அம்மாவுக்கு ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிடுங்கள். இதை அவனிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

ஊருக்கு வந்து பார்க்கலாமா?

இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. அதற்குள் வேர் நுனியில் சீழ் கட்டலாம், அடைப்பு பெயரலாம், பல்லே பிளந்துபோகலாம். உள்ளே காற்றோ தொற்றோ அடைபட்ட பல்லோடு விமானம் ஏறினால் அழுத்தம் மாறும்போது நடு வானத்தில் வலி பிடுங்கும். ஊரில் செய்தால் ஜப்பான் காப்பீட்டில் பணம் திரும்ப வாங்கலாமே என்று உங்கள் கணவர் சொல்வதும் நடக்காது. வெளிநாட்டில் எதிர்பாராமல் நோய் வந்து பார்த்துக்கொண்டால்தான் அது கிடைக்கும். சிகிச்சைக்கென்றே கிளம்பிப் போனால் கிடையாது.

இந்த மருத்துவரிடம் மனம் ஒப்பவே இல்லையென்றால் வேறொருவரிடம் மாறிக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. ஜப்பானில் 60,000க்கும் மேல் பல் மருத்துவமனைகள் இருக்கின்றன, யோகோஹாமாவில் ஆங்கிலம் பேசுகிறவர் கிடைப்பார். எக்ஸ்ரே நகலை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பல்லின் எண்ணையும் மனத்தில் வையுங்கள்: அங்கே 'மிகி ஷிதா ரோகு பான்', வலது கீழ் ஆறாம் எண், நம் ஊரில் 46. என்னைக் கேட்டால், நீளம் அளந்து படம் போட்டுக் காட்டிய அந்தப் பெரியவரிடமே முடிப்பது நல்லது. பல்லின் உள்ளே பார்த்தவர் அவர்தான்.

சிகிச்சை முடிந்ததும் பல்லின்மேல் போடுகிற கேப் விஷயம் அவசரமில்லை, ஆனால் வரும். வெள்ளி நிறக் கேப், 'கின்பா', காப்பீட்டில் வருவது. தங்கம் 12 சதவீதம், பல்லேடியம் 20 சதவீதம், சுமார் பாதி வெள்ளி கலந்த உலோகம். நிறம் பிடிக்காவிட்டாலும் உறுதியானது. வெள்ளை நிறக் கேப்பும் 2014 முதல் முன்கடைவாய்ப் பற்களுக்கும், பின்னால் சில நிபந்தனைகளோடு கடைவாய்ப் பற்களுக்கும் காப்பீட்டில் சேர்ந்தது. பீங்கான் வேண்டுமென்றால் முழுப் பணமும் உங்களுடையது. ஒரு பல்லுக்கு 1 லட்சம் யென்னைத் தாண்டும் இடங்கள் உண்டு. "ஹோகென் தெஸ் கா, ஜிஹி தெஸ் கா" என்று கேளுங்கள். ஹோகென் என்றால் காப்பீடு, ஜிஹி என்றால் சொந்தப் பணம். பதில் தெரிந்த பிறகு சம்மதியுங்கள்.

இதற்கிடையில் கன்னமோ தாடையின் அடிப்பகுதியோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்க முடியாமல் போனால் முன்பதிவுக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். யோகோஹாமாவில் இரவிலும் விடுமுறையிலும் பல் அவசரத்துக்கென்று தனி மையம் இருக்கிறது. விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் ஆம்புலன்ஸுக்கு 119ஐக் கூப்பிடுங்கள்.

இன்று மாலை உங்கள் கணவரை அந்த மருத்துவமனைக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்கள். ஏழு வாரம் வராததற்குக் காரணம் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. "சிர்யோ நோ துசுகி", சிகிச்சையின் மீதி, என்று சொல்லி உங்கள் பெயரைச் சொன்னால் போதும். நோயாளியின் குறிப்பை அவர்கள் ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் பல்லின் மூன்று அளவுகளும் அங்கே பத்திரமாக இருக்கும்.